புதுத் தளம் வரும்வரை

பெண் பார்க்கப் போவதையே ஒரு பிழைப்பாக வைத்திருக்கிற ஆட்கள் உண்டு. ஊர் ஊராகப் போவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். வீரமணிக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகிவிட்டதால் அந்த வழி அடைபட்டுப் போனது. ஆகவே அதே காரியத்தை அவன் வலைத்தளம் கட்டும் கருவிகளிடம் செய்துகொண்டிருந்தான்.

பெரம்பலூரில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதிக் கொடுப்பது அவன் வேலை. 'பட்டறைக் காவல்' அவனுடைய சேவை. சின்ன வெங்காயத்தை அறுவடை செய்த கொல்லையிலேயே மூங்கில் தட்டியும் கூரையுமாகப் பட்டறை போட்டுச் சேமிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே ஈரம் ஏறினால் வெங்காயம் வேர்த்து, முளைத்து, அழுகிப் போகும். உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டி, எல்லை தாண்டியதும் அலாரம் அடித்து, போனுக்கும் செய்தி அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டிதான் பட்டறைக் காவல். அலாரம் கேட்டவர் ஓடிப்போய்த் தார்ப்பாயை விலக்கிக் காற்றாட விட்டால் வெங்காயம் பிழைத்துக்கொள்ளும்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயசீலன் பெட்டியைச் செய்தார். வீரமணி நிரல் எழுதினான். அரியலூரில் ஒரு கல்லூரியில் வேளாண்மைப் பாடம் எடுக்கும் சத்யப்பிரியா, வெங்காயத்தின் குணம் என்ன, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்லிக் கொடுத்தார். மூவருக்கும் சம்பளம் கிடையாது. பெட்டி செய்யும் முறை, நிரல் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள்.

அந்த விவரங்கள் எல்லாம் ஒரே ஒரு நீளமான பக்கத்தில் இருந்தன. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நடுநடுவே ஜெயசீலன் கையால் வரைந்த ஒயர் படம். ஒரு நாள் வீரமணி வேறு யாரோ நடத்தும் திட்டத்தின் வலைத்தளத்தைப் பார்த்தான். பக்கவாட்டில் மெனு, மேலே தேடல், இரவானால் தானாகக் கறுப்பாகிற திரை. திரும்ப வந்து தன் பக்கத்தைப் பார்த்தபோது ரேஷன் கடை வாசலில் ஒட்டின அறிவிப்பு மாதிரி இருந்தது. அவமானமாகப் போய்விட்டது.

எழுதின குறிப்புகளைக் கொடுத்தால் போதும், அழகான பக்கங்களாக ஆக்கிக் கொடுத்துவிடும் கருவிகள் இருக்கின்றன. மாவை ஊற்றினால் இட்லியாக எடுத்துத் தரும் இட்லிப் பானை மாதிரி. ஜெக்கில், ஹியூகோ, ஆஸ்ட்ரோ என்று பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே நன்றாக இருந்ததுதான் வீரமணிக்கு வந்த கெட்ட காலம். ஒன்று மோசமாக இருந்திருந்தால் இன்னொன்றை எடுத்துக்கொண்டு போயிருப்பான். மனுஷன் பாத்திரக் கடையிலேயே குடியேறிவிட்டான். மாவு அரைக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

எது வேகமானது என்று சோதிக்க வேண்டியிருந்தது. அதற்காக 'வெங்காயம் வெங்காயம்' என்று மட்டுமே எழுதியிருக்கும் ஆயிரம் பொய்ப் பக்கங்களைத் தயாரித்து ஒவ்வொரு கருவியிலும் போட்டுப் பார்த்தான். பட்டறைக் காவலுக்கு இருந்தது ஒரே பக்கம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவன் மறந்துவிட்டான். கண்டுபிடித்ததைச் சொல்ல ஜெயசீலன் கடைக்கு நேரிலேயே போனான்.

"அரை செகண்டு மிச்சம்ங்க!"

ஜெயசீலன் ஒரு போனின் முதுகைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அந்த அர செகண்ட வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?"

வீரமணி சிரித்து மழுப்பிவிட்டு வெளியே வந்தான். இந்த ஊரில் ஆழமான விஷயங்களைப் பேச ஆள் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஒரு டீ குடித்தான். அன்று சாயங்காலமே கருவிகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி இணையத்தில் போட்டான். முகம் தெரியாத வெளியூர்க்காரர்கள் சிலர் பிரமாதம் என்றார்கள். கேட்கவா வேண்டும்? அவன் தோள் அரை அடி உயர்ந்தது. அடுத்த கட்டுரைக்கு வேறு கருவிகளைத் தேட ஆரம்பித்தான்.

இதற்கு நடுவில் ஆடிப்பெருக்கு வந்தது. மாமனார் வீட்டு அழைப்பு. வீரமணியும் அவன் மனைவி மலர்கொடியும் அரும்பாவூர் போனார்கள். மாமனார் பூமாலை அப்போதுதான் கொல்லையில் புதுப் பட்டறை போட்டிருந்தார். போன வருடம் விதை வெங்காயத்தை வெளியில் வாங்கி நட்டு, பாதிக்கு மேல் நோயடித்துப் போனது. ஆகவே இந்த முறை சொந்தக் கொல்லையில் விளைந்ததிலேயே நல்லதாகப் பொறுக்கி விதைக்கென்று ஒதுக்கியிருந்தார். ஐப்பசியில் நடுகிற வரைக்கும் அது கெடாமல் இருக்க வேண்டும். கெட்டால் நடுவதற்கு ஒன்றுமில்லை, கொல்லை சும்மா கிடக்க வேண்டியதுதான். சாப்பிடும்போதுகூட அவர் பேச்சு அந்தப் பட்டறையைத்தான் சுற்றி வந்தது.

மலர்கொடியின் தம்பி அஜித்குமார், ஐடிஐ படித்துவிட்டு மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்கிறவன், சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒங்க மிஷினு ஒன்னு நம்ம பட்டறைக்குச் செஞ்சு வக்கலாம்னு இருக்கேன். எப்புடி பண்றதுன்னு சொல்லுங்களேன்."

எந்த மருமகனும் பூரித்துப்போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்திருப்பான். வீரமணி சாதாரண மருமகனா? திறந்த திட்டம் நடத்துகிறவன். தனியாக ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அது அவரோடு போய்விடும், பொதுவில் கேட்டால்தான் எல்லாருக்கும் பயன்படும் என்பது அந்த உலகத்தில் ஒரு நெறி. பெரிய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவன் படித்திருந்தான்.

"நெட்டுல நம்ம பக்கத்துல எல்லாமே இருக்கு அஜித்து. அதப் பாத்து செய்யி. புரியலன்னா எங்கிட்ட கேக்காத, அங்கயே இஷ்யூன்னு ஒரு எடம் இருக்கு, அதுல கேள்வியா எழுதிப் போடு. பதில் சொல்றேன்."

அஜித்குமார் சுற்றுமுற்றும் பார்த்தான். "மாமா, நீங்க இங்கதான உக்காந்திருக்கீங்க?"

"இருந்தாலும் அதான் முறை."

சமையல்கட்டிலிருந்து மலர்கொடி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் பார்த்த பார்வையில் வெந்நீர் வைத்திருக்கலாம். வீரமணி மேற்கொண்டு ஒரு வடை எடுத்துக்கொண்டான்.

ஆவணி பிறந்ததும் அவன் ஒரு முக்கியமான அறிவிப்பு வெளியிட்டான். விரைவில் புதுத் தளத்துக்கு மாறப் போகிறோம், அதுவரை பழைய பக்கத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது. பெரிய திட்டங்களில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், அவர்களுக்கு இந்தத் தடை வேண்டும். இங்கே எழுதக்கூடியவர்கள் மூன்று பேர், அதில் ஒருவருக்கு எழுத நேரமே கிடையாது. ஆனாலும் அறிவிப்பைப் போட்டதும் வீரமணிக்குத் தான் ஏதோ கலெக்டர் ஆபீசில் உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு நிமிர்வு வந்தது.

அந்த வாரமே சத்யப்பிரியா ஒரு திருத்தம் அனுப்பினார். பக்கத்தில் கொடுத்திருந்த மாதிரி நிரலில், அலாரம் அடிக்க வேண்டிய ஈரத்தின் அளவு 95 சதவீதம் என்று இருந்தது. அது 70 என்று இருக்க வேண்டும். இந்த 95 எப்படி வந்தது என்பது வீரமணிக்கு நன்றாகத் தெரியும். முதன்முதலில் பெட்டியைத் தன் வீட்டுக் குளியலறையில் மாட்டிச் சோதித்தபோது அது ஓயாமல் அலறியது. குளிக்க விடுவீர்களா மாட்டீர்களா என்று மலர்கொடி சத்தம் போட்டதால், பெட்டியின் வாயை மூடுவதற்காக எல்லையை 95-க்கு ஏற்றினான். பிறகு அந்த நிரலை அப்படியே எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டான்.

திருத்தத்துக்குப் பதில் எழுதினான்: 'மிக்க நன்றி. புதுத் தளம் வந்த பிறகு பார்க்கலாம்.'

சத்யப்பிரியா போனில் கூப்பிட்டார். "சார், அது ஒரே ஒரு நம்பருங்க. மாத்திட்டா முடிஞ்சிரும்."

"புரியுதுங்க மேடம். ஒன்னுக்கு விட்டா எல்லாத்துக்கும் விடணும்ல? புது தளத்துல மொதல்ல இதத்தான் ஏத்துவேன்."

"எல்லாத்துக்கும்னா, வேற யாருங்க அனுப்பியிருக்காங்க?"

"இதுவரைக்கும் யாரும் இல்ல."

"புது தளம் எப்பங்க வரும்?"

"கடைசி ரவுண்டுல இருக்கேன்."

யாரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பெட்டி செய்ததாக அவனுக்குத் தகவல் இல்லை. அஜித்குமாரும் இஷ்யூ எதுவும் போடவில்லை. ஆகவே அவன் செய்யவில்லை என்று வீரமணி முடிவுகட்டியிருந்தான். சந்தேகமே வராமல் ஒருவன் செய்து முடித்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. தன் எழுத்தின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான்.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், 'அரும்பாவூர் வூடு' வாட்ஸப் குழுவில் அஜித்குமார் ஒரு போட்டோ போட்டான். பட்டறைக்குள் மூங்கிலில் பெட்டி தொங்குகிறது, பக்கத்தில் பூமாலை தோளில் துண்டோடு விறைப்பாக நிற்கிறார். கீழே 'மாமா மிஷினு' என்று எழுதியிருந்தான்.

வீரமணி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி ஓடிவந்தான். "பாத்தியா? ஒரு கேள்வி கேக்காம செஞ்சு மாட்டிட்டான்! எழுதுனா இப்புடி எழுதணும்."

"கேட்டான்ல? நீங்கதான எங்கயோ போயி போடச் சொன்னீங்க," என்றாள் மலர்கொடி.

அது அவன் காதில் ஏறவில்லை. பட்டறைக் காவலின் முதல் பயனாளி! புதுத் தளத்தின் முகப்பில் இந்தப் படம்தான் வர வேண்டும். படம் என்றதும் இன்னொரு சோதனை மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது. எந்தக் கருவி படத்தைப் போனுக்குச் சின்னதாகவும் பெரிய திரைக்குப் பெரிதாகவும் நேர்த்தியாக மாற்றித் தருகிறது? அடுத்த ஒரு வாரம் முழுக்க அதுதான் வேலை. மாமனாரை நீட்டினான், குறுக்கினான், ஓரம் வெட்டினான், வட்டத்துக்குள் அடைத்தான். மாமனாரின் மீசை மங்காமல் வந்த கருவிக்கு மதிப்பெண் கூடப் போட்டான். கடைசியில், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், உண்மையாகவே ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டான். நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிறகு மாதிரித் தளத்தின் இணைப்பை மற்ற இருவருக்கும் அனுப்பினான்.

ஜெயசீலன் ஒரு கட்டைவிரலை அனுப்பினார். சத்யப்பிரியா உடனே போன் செய்தார். பாராட்டு வாங்குவதற்காக வீரமணி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சார், முகப்புல இருக்கற படம் எங்க எடுத்தது?"

"எங்க மாமனார் பட்டறைங்க. எப்புடி வந்திருக்கு? எந்தத் திரையில பாத்தாலும் மங்காது."

"ஆமாங்க, நல்லா தெளிவா இருக்கு. பெட்டியில 88ன்னு காட்டுது. எப்ப எடுத்த படம்?"

"ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்."

"88 ஈரத்துல அலாரம் அலறிக்கிட்டுல்ல இருக்கணும்? அவரு சாவகாசமா போஸ் குடுத்துக்கிட்டு நிக்கிறாரு. எல்ல என்னங்க வச்சிருக்காங்க?"

வீரமணி திரையைப் பார்த்தான். ஒரு வாரமாக அவன் கையாலேயே பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, கூர்மையாக்கி வைத்த படம். மாமனாரின் தோளுக்குப் பக்கத்தில் 88 அப்பட்டமாகத் தெரிந்தது. மீசையைப் பார்த்தவன் அதைப் பார்க்கவில்லை.

"நம்ம பக்கத்துல இருக்கறதத்தாங்க வச்சிருப்பான்," என்றான்.

அஜித்குமாருக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. திரும்பப் போட்டான், எடுக்கவில்லை. மலர்கொடியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஆத்தூர் ரோட்டில் தூறலில் நனைந்துகொண்டே போனார்கள். ஒன்றும் ஆகியிருக்காது, ஒன்றும் ஆகியிருக்காது என்று வழி நெடுக அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தான். கிருஷ்ணாபுரம் தாண்டியபோது அதை நம்பவே ஆரம்பித்துவிட்டான்.

கொல்லை வரப்பில் இறங்கியதுமே நாற்றம் வந்தது.

பட்டறையின் தார்ப்பாயை விலக்கி, தட்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பூமாலை, மாமியார் பரிமளா, அஜித்குமார் மூன்று பேரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லது ஒரு பக்கம், முளைத்ததும் அழுகியதும் ஒரு பக்கம். அழுகின குவியல் பெரிதாக இருந்தது. காலையில் வாடை அடித்துத்தான் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

"வாங்க மாப்ள, வாம்மா," என்று பூமாலை எழுந்தார். "மழையில எதுக்கு அலையுறீங்க? அந்தக் கொட்டாயில போயி நில்லுங்க, நனயாதீங்க."

அஜித்குமார் தலையை நிமிர்த்தவில்லை. "மாமா, மிஷினு அடிக்கவே இல்ல. ஒயரு எங்கயோ தப்பா குடுத்துட்டேன் போல. ரெண்டு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன், கண்டுபுடிக்க முடியல."

"படிச்சிட்டா ஆச்சா? ஒரு வேலைய உருப்படியா செய்யத் தெரியல," என்றார் பூமாலை, மகனைப் பார்த்து. "மாப்ள இம்புட்டு கஷ்டப்பட்டு எழுதி வச்சிருக்காரு. அதப் பாத்துகூட ஒழுங்கா செய்யல."

அஜித்குமார் ஓர் அழுகின வெங்காயத்தை எடுத்து அந்தப் பக்கம் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

வீரமணி சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பான். பழி ஏற்கெனவே இன்னொருவன் தலையில் பத்திரமாக இறங்கியிருந்தது. பெட்டியைக் கழற்றி, ஒயரை முறைத்துப் பார்த்து, அடடா என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அப்படிச் செய்யலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யோசித்தது தெரிந்துவிட்டதோ என்று பயந்து மலர்கொடியைப் பார்த்தான். தெரிந்துவிட்டிருந்தது.

"ஒயரு சரியாத்தான் இருக்கு மாமா," என்றான் பூமாலையிடம். "அஜித்து மேல தப்பில்ல. அதுல இருக்கற நம்பரு தப்பு. நான் எழுதுனது."

"தெரியாம நடந்துருச்சு, அதுக்கு என்னா பண்றது மாப்ள?"

"தெரியும். அரியலூர் மேடம் அப்பவே சொன்னாங்க. ஆவணியிலயே."

பரிமளா பொறுக்குவதை நிறுத்திவிட்டு மருமகனைப் பார்த்தாள்.

"பின்ன ஏன் மாமா மாத்தல?" என்றான் அஜித்குமார்.

வீரமணி வாயைத் திறந்தான். இதே கேள்விக்கு அவன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். தளம் மாறும்போது ஏன் கைவைக்கக் கூடாது, எந்தக் கருவி எதில் சிறந்தது, ஏன் அவசரப்படக் கூடாது எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தான். அழுகின வெங்காயத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்கிற மாதிரி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை.

"எதுல போடறதுன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றான்.

மலர்கொடி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "எந்தம்பிக்கு ஒரு போனு போட எந்தக் கருவி வேணும்னு இத்தன நாளா தேடிக்கிட்டு இருந்தீங்க?"

வீரமணி அங்கேயே நின்று போனைத் திறந்து சத்யப்பிரியாவின் திருத்தத்தைத் தேடி எடுத்து, ஏற்றுக்கொள் என்ற பொத்தானை அழுத்தினான். பழைய பக்கத்தில் 95 போய் 70 வந்தது. இருமித் தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. பிறகு அவனும் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினான். அழுகின வெங்காயம் விரலில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு, எங்கே துடைத்தாலும் போகாமல் நாறியது.

பொறுக்கி முடித்தபோது பாதிக் கொல்லைக்குத் தேறும் என்றார் பூமாலை. மீதிக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் ஒரு பையை எடுத்து, தேறின குவியலிலிருந்து நல்ல வெங்காயமாக அள்ளிப் போட ஆரம்பித்தார்.

"வேணாம் மாமா," என்று வீரமணி பதறினான்.

"நல்லாருக்கே. மாப்ள வந்துட்டு வெறுங்கையோட போறதா?"

அவர் கோபத்தில் சொல்லவில்லை, குத்திக் காட்டவில்லை. வழக்கம்போல் சொன்னார். வீரமணிக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தெம்பாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான். மலர்கொடி பையை வாங்கி, திரும்பக் குவியலிலேயே கவிழ்த்தாள். "இது நட்டா ரெண்டு பாத்தி வரும்ப்பா." பூமாலை கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு வரப்போரத்து மரத்திலிருந்து முருங்கைக்காய்களை ஒடித்துக் கட்டி வண்டியில் வைத்தார்.

மழை விட்டிருந்தது. முருங்கைக்காய்க் கட்டு முன்னால் துருத்திக்கொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் அவன் தாடையில் இடித்தது. எசனைக்குப் பக்கத்தில் வந்தபோது மலர்கொடி கேட்டாள்.

"அந்தப் பக்கத்தப் பாத்து வேற யாரெல்லாம் செஞ்சிருக்காங்க?"

"தெரியல."

"எத்தன பேருன்னு?"

"அதுவும் தெரியல. யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னுதான போட்டிருக்கு."

முதல் முறையாகப் பக்கத்தைத் திறந்து வைத்த நாளிலிருந்து, யாராவது, எங்காவது, ஒரே ஓர் ஆளாவது இதைப் படித்துப் பெட்டி செய்ய மாட்டார்களா என்று ஏங்கியவன் அவன். இப்போது ரோட்டோரத்தில் ஒரு கோயில் விளக்கு தெரிந்ததும் வண்டியை நிறுத்தினான். செருப்பைக் கழற்றிவிட்டு, முருங்கைக்காய்க் கட்டை மலர்கொடி கையில் கொடுத்துவிட்டு, வெங்காய நாற்றம் போகாத இரண்டு கைகளையும் கூப்பினான்.

"யாரும் படிச்சிருக்கக் கூடாது சாமி," என்று வேண்டிக்கொண்டான். "ஒருத்தருகூட."